வெளுத்த துணியும் வெளுக்காத நஞ்சும்

பள்ளிக்கூடங்களிலே திங்கட்கிழமைக் காலையில் ஒரு வழக்கம் உண்டு. காலைக் கூட்டம் முடிந்ததும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, நகம் வெட்டியிருக்கிறார்களா, தலை வாரியிருக்கிறார்களா, சீருடை வெளுத்திருக்கிறதா என்று ஆசிரியர் பார்த்துக்கொண்டு போவார். நானும் ஆசிரியனாகவும் பின்னர் அதிபராகவும் முப்பது ஆண்டளவாக அவ்வரிசையைப் பார்த்து வந்திருக்கிறேன். வெண்மையாயிருந்த சீருடையைக் கண்டு மகிழ்ந்தேன். அழுக்காயிருந்ததைக் கண்டு கடிந்தேன். அவ்வெண்மை எந்த வாளியில், எந்த நீரில் பிறந்தது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை ஆறாந் தரத்துச் சிறுமி ஒருத்தி வரிசையில் நின்றாள். அவள் சீருடையைப் போல வெண்மையான சீருடை அன்று வேறெவரிடமும் இல்லை. ஆயினும் அவள் கழுத்தைச் சுற்றியும் கக்கத்தின் ஓரத்திலும் தோல் சிவந்து தடித்திருந்தது. காரணம் கேட்டேன். “அம்மா எல்லாத்தையும் ஒரே வாளியிலதான் ஊறப் போட்டது சேர், அப்பாட மருந்தடிச்ச சாறமும் அதுக்குள்ள இருந்திச்சு” என்றாள்.

அந்தத் தடிப்பு நஞ்சினால் வந்ததுதான் என்று அறுதியிட்டுரைக்க நான் மருத்துவம் கற்றேனல்லேன். கலைப்பாடம் பயின்ற பள்ளிக்கூடத்து அதிபர் நான். வெயிலாலும் வியர்வையாலும் சவர்க்காரத் தூளாலும் கூட அது வந்திருத்தல் கூடும். ஆனால் அவள் சொன்ன விடை என்னைத் தூங்கவிடவில்லை. அன்று தொடங்கி இப்பொருளைப் பற்றி நூல்களிலும் அறிந்தோர் வாயிலாகவும் தேடினேன். தேடிக் கண்டவற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தலவில என்ற பெயரைக் கேட்டதும் நேயர்களுள் பலருக்குப் புனித அன்னம்மாள் ஆலயம் நினைவுக்கு வரும். மார்ச்சு மாதத்திலும் ஆகஸ்டு மாதத்திலும் நடைபெறும் திருவிழாக்களுக்கு நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் தமிழரும் சிங்களவரும் வந்து கூடுவர். திருவிழா முடிந்து கூடாரங்கள் கழற்றப்பட்ட பின்னர் இவ்வூர்ப் பக்கத்தைப் பார்ப்பவர் சிலரே. மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் களப்பு, இடையே ஒடுங்கிய மணற்பரப்பு. இதுவே கற்பிட்டிக் குடாநாடு. இம்மணலில் மிளகாயும் வெங்காயமும் பீற்றூட்டும் கத்தரியும் விளைகின்றன. ஆழங் குறைந்த கிணறுகளிலிருந்து இயந்திரத்தால் நீரிறைத்து மக்கள் இதனைப் பசுந்தோட்டமாக்கியிருக்கிறார்கள். அவர்கள் உழைப்பை எத்துணை புகழ்ந்தாலும் தகும்.

ஆனால் பசுமைக்குப் பூச்சியும் உரிமை கொண்டாடுகிறது. மிளகாய்க்கு இலைச்சுருள், வெங்காயத்துக்குப் புழு, கத்தரிக்குத் துளைப்பான் என ஒவ்வொரு பயிருக்கும் ஒவ்வொரு பகை. ஆதலின் தோட்டக்காரர் முதுகிலே தெளிகருவியைச் சுமந்து பீடைநாசினி தெளிக்கிறார். நாம் அதனைப் பீடைநாசினி என்று சொல்வதில்லை; ‘மருந்து’ என்கிறோம். ‘மருந்தடிக்கப் போகிறேன்’ என்பார் தந்தை. இச்சொல்லில் ஓர் ஏமாற்று மறைந்திருக்கிறது. பயிருக்கு அது மருந்தாயிருக்கலாம்; உடலுக்கு அது நஞ்சே. நஞ்சு என்று சொல்லியிருந்தால் அந்தச் சாறத்தைப் பிள்ளையின் சீருடையோடு எந்தத் தாயும் ஊறவைத்திருக்கமாட்டாள்.

நஞ்சு வாய் வழியாகவும் மூச்சு வழியாகவுமே உடலுக்குள் புகும் என்று பலரும் எண்ணுகின்றனர். தெளிக்கும் தொழிலில் அது பெரிதும் புகும் வழி தோலே. காற்றடித்துச் சேட்டின் முன்புறம் நனைகிறது. தெளிகருவி கசிந்து முதுகு நனைகிறது. பயிர்களுக்கிடையே நடக்கையில் சாறத்தின் கீழ்ப்பாகம் நனைகிறது. நனைந்த துணி உடம்போடு ஒட்டிக்கொண்டு மணிக்கணக்காக நஞ்சைத் தோலுக்கு ஊட்டிக்கொண்டேயிருக்கிறது. கலிபோர்னியாவைச் சேர்ந்த தோல் மருத்துவ அறிஞர் ஹோவார்ட் மைபாக்கும் அவருடைய துணைவரும் 1971 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே நினைக்கத் தக்கது. பரத்தியன் என்னும் நஞ்சை உடம்பின் வெவ்வேறிடங்களில் தடவி, உட்சென்ற அளவை அவர்கள் கணித்தார்கள். முன்கையின் தோலை விட நெற்றியும் தலைத்தோலும் ஏறத்தாழ நான்கு மடங்கும், கக்கம் ஏழு மடங்கும், மறைவிடத்துத் தோல் பன்னிரண்டு மடங்களவும் நஞ்சை உள்வாங்கின. சாறத்தின் நனைந்த பகுதி எங்கே ஒட்டுகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

துணி ஒன்றே போதும், தெளிகருவியே வேண்டாம் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவிலே பிரெஸ்னோ என்ற ஊரில் சிறுவர் சிலர் புதிய காற்சட்டை அணிந்த பின் நோயுற்றனர். அவர்கள் ஒரு தோட்டத்துக்கும் சென்றவர்களல்லர். அந்தக் காற்சட்டைகள் மாதங்களுக்கு முன்னர் பார வண்டியில் கொண்டுவரப்பட்டபோது, அதே வண்டியில் ஏற்றப்பட்டிருந்த பூச்சிகொல்லி அவற்றின்மீது சிந்தியிருந்தது. 1963 இல் மருத்துவ இதழொன்று இதனை விரிவாக எழுதியது. அண்டையிலுள்ள கேரளத்தில் 1958 ஆம் ஆண்டு நடந்ததோ இன்னும் கொடிது. சரக்கோடு சரக்காக வந்த பரத்தியன் கசிந்து கோதுமை மாவில் கலந்தது. அதனை உண்டவர்களுள் நூற்றுவருக்கு மேல் மாண்டனர். மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017 இல் பருத்திக்கு மருந்து தெளித்த உழவர்களும் கூலியாட்களும் நூற்றுக்கணக்கில் நோயுற்றனர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களிற் பலருக்குத் தக்க காப்பு உடை இருக்கவில்லை.

இவ்வளவும் தெளிப்பவரைப் பற்றியதும் அணிபவரைப் பற்றியதுமாகும். தோய்ப்பவரைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

என் சிறுவயதில் எங்கள் வீட்டிலும் மிளகாய்த் தோட்டம் இருந்தது. தந்தையார் மருந்தடித்துவிட்டு வந்து கிணற்றடியில் சாறத்தையும் சேட்டையும் கழற்றிப் போடுவார். குளித்து முழுகி வேறு சாறம் உடுத்து, தேநீர் அருந்தியவாறு திண்ணையில் இருப்பார். தாயார் அவற்றை எடுத்துக் கல்லில் வைத்து வெறுங்கையால் கசக்கித் தோய்ப்பார். தெறிக்கும் நுரை முகத்திற் படும், புறங்கையால் துடைத்துக்கொள்வார். அப்படிப்பட்ட மாலைகளில் அவர் தலைவலி என்று படுத்துக்கொள்வதுண்டு. விளக்கொளி மங்கித் தெரிகிறது என்பார். வெயிலின் கொடுமை என்று வீட்டிலே எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன். இன்று அதன் காரணத்தை யாராலும் உறுதிசெய்ய முடியாது. ஆனால் தலைவலி, மிகு வியர்வை, வாயூறல், குமட்டல், கண்மணி சிறுத்துப் பார்வை மங்கல், தசை துடித்தல் ஆகியவை பொசுபரசு சேர்ந்த பூச்சிகொல்லிகள் நரம்பைத் தாக்கும்போது தோன்றும் அறிகுறிகள் என்பதை நூல்களிலே படித்தபோது, அந்த மாலைகள் எல்லாம் என் கண்முன் வந்தன. இவ்வறிகுறிகள் தெளித்தவரிடமோ தோய்த்தவரிடமோ தோன்றினால், வெயில் என்று சொல்லிப் படுக்கவைக்கலாகாது. உடுத்த துணியை மாற்றி, உடம்பைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நஞ்சின் போத்தலையோ அதன் பெயர்ச்சீட்டையோ உடன்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி, தோய்க்கும் முறைக்கு வருவோம். சேறும் வியர்வையும் போல நஞ்சும் எளிதில் நீங்கிவிடுமா? நீங்காது. அமெரிக்காவின் நெபிராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஜோன் லாஃப்லின் என்னும் பேராசிரியையும் அவரோடு உழைத்தோரும் 1980களில் இதனையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டனர். அவர்களும் பிறரும் கண்ட முடிவுகளைச் சுருக்கிச் சொல்கிறேன். நீரில் கரைத்துத் தெளிக்கும் தூள் வகை ஓரளவு எளிதில் நீங்கும். எண்ணெய்ப் பசையுள்ள திரவ வகை நூலிழையைப் பற்றிக்கொண்டு விட மறுக்கும். தோய்க்காமல் நாட்கடத்தக் கடத்த நஞ்சு இழைக்குள் இறுகும். நஞ்சு பட்ட துணியோடு சேர்த்து ஊறவைத்த மற்றத் துணிகளுக்கும் நஞ்சு தாவும். நீர் கலவாத மூல நஞ்சு சிந்தி ஊறிய துணியிலோ, பலமுறை தோய்த்த பின்னும் நஞ்சு எஞ்சி நிற்கும். நாற்றம் போய்விட்டது என்பது நஞ்சு போய்விட்டது என்பதற்குச் சான்றாகாது.

ஆதலின் செய்யவேண்டியது யாது? வரிசையாகச் சொல்கிறேன், வானொலிக்கு அருகில் பிள்ளைகள் இருந்தால் எழுதிக்கொள்ளட்டும்.

முதலாவது, மருந்தடிக்க ஒரு தனி உடுப்பு வேண்டும். நீளக் கையுள்ள சேட்டும் நீளக் காற்சட்டையும் சாறத்தை விட நன்று. வேலை முடிந்ததும் அவ்வுடுப்போடு அடுக்களைக்குள் நுழையாமலும் குழந்தையைத் தூக்காமலும் வெளியிலேயே கழற்ற வேண்டும். மற்ற அழுக்குத் துணிகளோடு அதனைப் போடாமல், தனிப் பையில் இட்டுப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, அன்றைய உடுப்பை அன்றே தோய்க்க வேண்டும். அதற்கென ஒரு வாளியை ஒதுக்கி, சிவப்பு வர்ணம் பூசி அடையாளமிடுங்கள். அந்த வாளி வேறெதற்கும் உதவலாகாது. கையில் இறப்பர்க் கையுறை வேண்டும்.

மூன்றாவது, சவர்க்காரம் இடுமுன் வெறும் நீரில் இரண்டு முறை அலசி அந்த நீரை நீக்கிவிட வேண்டும். நஞ்சிற் பெரும்பங்கு போவது இந்த முதல் அலசலில்தான். முதல் அலசலே தோய்ப்பவருக்கு மிகவும் கேடு தருவதும் ஆகும்.

நான்காவது, வெந்நீர் வேண்டும். அறுபது பாகை அளவு, அதாவது கை பொறுக்காத சூடு. சிரட்டைக்கும் பொச்சுக்கும் நம் ஊரிலே குறைவில்லை. சூடான சவர்க்கார நீரில் துணியை இட்டு ஒரு தடியால் கிளறிவிட்டு, ஆறிய பின் கசக்கலாம். எண்ணெய்ப் பசை நஞ்சுக்குத் திரவச் சவர்க்காரமே மேலானது. கிணற்று நீர் வன்னீராயிருந்தால் கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் திரையும். அங்கே சலவைத் தூளோ திரவமோ பயன்படுத்துக. நீரை மாற்றி இரண்டு முறை தோய்த்து நன்றாக அலசுக. வெளிற்றும் தூளையும் அமோனியாவையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கவேண்டாம். அதிலிருந்து எழும் ஆவி மூச்சை அடைக்கும்.

ஐந்தாவது, தனிக்கொடியில், நல்ல வெயிலில் உலர்த்துக. சூரிய ஒளியும் வெப்பமும் எஞ்சிய நஞ்சிற் சிலவற்றைச் சிதைக்கும். பின்னர் வாளியையும் கையுறையையும் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

மூல நஞ்சு ஊறிய துணியை மட்டும் தோய்க்க முயலவேண்டாம். அதனை உடனே கழற்றி உடம்பைக் கழுவுங்கள். அத்துணியைக் கைத்துடைப்பாகக் கிழித்து வைக்கவோ, ஏழைக்கென்று கொடுக்கவோ, அடுப்பிலிடவோ கூடாது. அதன் புகையும் நஞ்சே. பையிலிட்டு இறுகக் கட்டி, விவசாயப் போதனாசிரியரிடம் வழி கேட்க வேண்டும்.

தோய்த்த நீரைக் குறித்து இவ்வூரார்க்குத் தனியே ஒரு சொல். நம் மண் மணல். மேலே ஊற்றிய நீர் வெகு விரைவில் கீழே இறங்கும். கீழே நாம் குடிக்கும் நீர் ஆழமில்லாமலே நிற்கிறது. இக்குடாநாட்டு நிலத்தடி நீரில் உரத்திலிருந்து வந்த நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். உரம் இறங்கும் வழி நஞ்சுக்கும் வழிதானே? ஆகையால் கிணற்றுக்கட்டின்மேல் இத்துணியைத் தோய்ப்பது நம் பானைக்குள்ளேயே தோய்ப்பதற்கு ஒப்பாகும். நீரை வாளியில் எடுத்துச் சென்று தோட்டத்தருகே தோய்த்து, கழிவுநீரைக் கிணற்றுக்கும் களப்புக்கும் வாய்க்காலுக்கும் தொலைவாக, மருந்து தெளித்த அந்நிலத்திலேயே பரவலாக ஊற்றுவதே தக்கது.

இங்கே சுவையான ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியை கே ஒபெண்டோர்ஃப் அவர்களும் பிறரும் 1990களில் வேலைத் துணிக்கு மாப்பசை ஏற்றிப் பார்த்தனர். பசையேற்றிய துணியில் விழுந்த நஞ்சைப் பசையே பெரிதும் பற்றிக்கொண்டது. தோய்க்கும்போது பசை கரைந்து நஞ்சையும் தன்னோடு கொண்டுபோயிற்று. நேயர்களே, மாப்பசை என்பது நம் கஞ்சிதான்! வேட்டிக்கும் சேலைக்கும் அழகுக்காக நாம் போடும் கஞ்சியை, மருந்தடிக்கும் உடுப்புக்குக் காப்பாகப் போடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அக்கஞ்சி முழுவதும் நீங்கத் தோய்த்து, உலருமுன் புதுக்கஞ்சி போட வேண்டும். கஞ்சி போட்டாயிற்றே என்று கையுறையையும் கவனத்தையும் விட்டுவிடலாகாது.

நம் முன்னோர் காலத்துச் சலவையை எண்ணிப் பார்க்கிறேன். உவர்மண்ணில் தோய்த்து, வெள்ளாவி வைத்து, ஓடும் நீரில் அலசி, கஞ்சியிட்டு, வெயிலில் உலர்த்தினார்கள். காரம், சூடு, மிகுந்த நீர், கஞ்சி, வெயில் ஆகிய ஐந்தும் அதில் இருந்தன. பூச்சிகொல்லி அறியாத காலத்து முறை அது. ஆனால் இக்காலத்து ஆய்வாளர் பரிந்துரைப்பவற்றுள் பெரும்பாலானவை அதிலே அடங்கியிருப்பதைக் காண வியப்பாயிருக்கிறது. வாளி, குளிர்ந்த நீர், ஒரு பிடி தூள் என்று நாம் சுருக்கிக்கொண்ட காலத்திலேதான் நஞ்சும் நம் துணிக்கு வந்து சேர்ந்தது.

‘இத்தனையும் செய்ய நேரமெங்கே, விறகெங்கே?’ என்று தாய்மார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வீட்டுப் பாரம் முழுவதையும் சுமக்கும் அவர்கள்மீது இன்னும் ஐந்து விதிகளை ஏற்றுவதற்காக நான் இன்று பேச வரவில்லை. நான் சொல்ல வந்தது தகப்பன்மாருக்கு. நஞ்சைக் கையாண்டவருக்கே அது எங்கெங்கே பட்டதென்று தெரியும். அவர் ஏற்கெனவே கையுறை அணிந்திருக்கிறார், அல்லது அணிந்திருக்க வேண்டும். தோட்டத்தில் நீரும் இருக்கிறது. அவரே அங்கேயே அந்த முதல் இரண்டு அலசலையும் அலசிவிட்டு வந்தால், மனைவியின் கைக்கு வரும் நஞ்சில் பெரும்பங்கு வராமலே போய்விடும். கருவுற்றவளும் பாலூட்டுபவளும் இத்துணியைத் தொடவே கூடாது. அந்நாட்களில் முழுத் தோய்ப்பும் கணவனுடையதே.

ஆண்பிள்ளை துணி தோய்ப்பதா என்று சிரிப்பவருக்கு நம் கடற்கரையையே காட்டுகிறேன். கரைவலை இழுத்து முடிந்ததும் வலையை அலசி உலர்த்துபவர் யார்? இழுத்தவரே. அதனை எவரும் இழிவென்று எண்ணுவதில்லை. தொழிலின் கடைசிப் பகுதி அது. மருந்தடித்த உடுப்பை அலசுவதும் அவ்வாறே மருந்தடிக்கும் தொழிலின் கடைசிப் பகுதியாகும். தெளிகருவியைக் கழுவாமல் வைப்பவர் நல்ல தோட்டக்காரரல்லர் என்கிறோம். உடுப்பை அலசாமல் வீட்டுக்குக் கொண்டுவருபவரையும் அப்படியே சொல்லப் பழகுவோம்.

அரசு தன் பங்கைச் செய்யாமலில்லை. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் பீடைநாசினிகளைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. பரத்தியன் 1984 இலும், மொனோகுரோட்டோபொசும் மெதமிடோபொசும் 1995 இலும், எண்டோசல்பான் 1998 இலும் தடைசெய்யப்பட்டன. நஞ்சால் நேர்ந்த மரணங்கள் அதனாற் பெரிதும் குறைந்தன. 2021 இல் இறக்குமதி முழுவதற்கும் தடை வந்தது. அவ்வாண்டு முடியுமுன் அது நீங்கியது. சட்டம் கடைத்தட்டிலிருந்து கொடிய போத்தலை அகற்றும். ஆனால் எஞ்சிய போத்தலிலிருந்து சாறத்துக்கு வந்ததை அகற்ற எந்தச் சட்டத்தாலும் இயலாது. அது நம் கிணற்றடி வேலை.

பள்ளிக்கூடத்துக்கும் இதில் பங்குண்டு. பிள்ளைகள் மருந்தடிக்கலாகாது, கலக்கும் இடத்துக்கும் போகலாகாது. ஆனால் போத்தலின் பெயர்ச்சீட்டைத் தந்தைக்கு வாசித்துக் காட்டலாம். சிவப்பு வாளியை நினைவூட்டலாம். எங்கள் திங்கட்கிழமை வரிசையில் இப்பொழுது ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறேன். சீருடை வெளுத்திருக்கிறதா என்று கேட்ட பின், ‘தனியாகத் தோய்த்ததா?’ என்றும் கேட்கிறேன். முதலில் பிள்ளைகள் விழித்தார்கள். சென்ற மாதம் அந்தச் சிறுமி என்னிடம் வந்து, “அப்பாவே தோட்டத்தில அலசிட்டு வாறார் சேர்” என்றாள்.

அவள் தந்தை எனக்கு அறிமுகமானவரல்லர். அவரைச் சந்திக்கும்போது கைகூப்பி வணங்க எண்ணியிருக்கிறேன்.